வண்டி ஆடிவிட்டது

ஜூன் 3, செவ்வாய்

ஜூடோ வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எதற்கு என்று பெலிக்ஸ் கேட்டார். உடம்பைக் குறைக்க என்றேன். "அதுக்கு நடந்தாப் போதாதா?" என்றார். ஓடுகிற ரயிலில் பெட்டி பெட்டியாக நாள் முழுக்க நடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? டிக்கெட் பார்க்கிற டி.டி.இ. ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷர் தேறவில்லை. இந்த டைரியிலும் உடம்பைக் குறைக்க என்றே இருக்கட்டும்.

வகுப்பு நடப்பது ஸ்டேடியத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். உள்ளே தரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாக மெத்தை விரிப்பு. மாஸ்டர் ஒரு பெண், பெயர் சுபத்ரா. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். கறுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவள் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறாள்.

"முதல்ல ஒரு மாசம் விழறது மட்டும்தான்கா. எறியறதெல்லாம் அப்புறம்தான்" என்றாள்.

"எனக்கு விழறது போதும் மாஸ்டர். எறியறது வேணாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சேர வருகிறவர்கள் யாரும் இப்படிச் சொல்வதில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

முதுகில் ஒரு இடம் பாக்கியில்லாமல் வலிக்கிறது. மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்து, பிறகு ஒரே வீச்சில் விரிப்பில் அடிக்க வேண்டும். தரையை நாம் அடித்துவிட்டால் தரை நம்மை அடிக்காதாம். தலை மட்டும் கீழே படவே கூடாது. அதற்கு ஒரு வழி சொன்னாள். விழும்போது சொந்த பெல்ட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும். முடிச்சைப் பார்த்தால் தாடை தானாக நெஞ்சோடு ஒட்டிவிடும்.

"கையை ஊணவே கூடாது. ஊணினா மணிக்கட்டு போயிரும்" என்றாள்.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து விழுந்தோம். என் ஜோடி ஜீனத். எஸ்.ஐ. தேர்வுக்குத் தயாராகிற பெண். நாள் முழுக்க ஓடுகிறாள், தண்டால் எடுக்கிறாள், சாயங்காலம் இங்கே வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கக் காரணம் இருக்கிறது. எப்படி விழுந்தாலும் என் இடது கை மட்டும்தான் தரையை அடிக்கிறது. வலது கை நெஞ்சோடு மடங்கி ஒட்டிக்கொள்கிறது.

"அக்கா, அந்தக் கையில என்ன குழந்தையா வச்சிருக்கீங்க?" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் விளங்கியது. அது மெஷின் பிடிக்கிற கை. பயணிகள் பட்டியல் முழுவதும் இப்போது அந்தக் கைக்கருவியில்தான் இருக்கிறது. அது கீழே விழுந்து கண்ணாடி விரிந்தால் மேலே இருப்பவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி முடியாது. வண்டி எவ்வளவு குலுங்கினாலும், நாங்கள் பல்லை உடைத்துக்கொண்டாலும் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். அந்தப் பழக்கம் எலும்பு வரை இறங்கியிருக்கிறது.

இன்னொன்று, நான் விழுந்ததே கிடையாது. ஆடுகிற பெட்டியில் எதையும் பிடிக்காமல் நடப்பதில் எங்கள் டெப்போவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சீட்டைப் பிடித்துப் பிடித்து நடக்கிறவர்களை 'குரங்கு பேட்ச்' என்று கிண்டல் செய்வோம். அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

ஜூன் 12, வியாழன்

ஓய்வு நாள். திரைச்சீலை எல்லாம் துவைத்தேன். மிக்ஸியைப் பிரித்துக் கழுவினேன். பரணில் இருந்ததை இறக்கித் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். என் கூடப்பிறந்த சூசை அண்ணன் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. டூட்டியில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 14, சனி

அரியலூர் தாண்டி ஒரு வளைவில் தடுமாறி, ஒரு பெரியவர் தோளில் கை வைத்துவிட்டேன். "சாரி சார், வண்டி ஆடிருச்சு" என்றேன். அவர் பரவாயில்லைம்மா என்றார். எதிர் சீட்டுப் பெண் மட்டும் மூக்கை லேசாகச் சுருக்கி, நான் பேசும்போது பக்கத்தில் வந்து மோந்து பார்த்தாள். டிக்கெட்டைச் சரிபார்த்து அவளிடம் கொடுக்கும்போது என் கை நடுங்கியது கோபத்தில்தான்.

அந்த மோப்பம் எனக்குப் பழக்கமானது. அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தி "ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். வாசனை ஒன்றும் வராது. "என்னத்தையோ மென்னுட்டு வந்திருக்காரு" என்று அம்மா முடிவு கட்டுவாள். ஞானப்பிரகாசம் என்றால் தெருவுக்கே குடிகாரர். காலை அகட்டி வைத்து நடப்பார், சுவரைத் தடவிக்கொண்டு வருவார், பேச்சும் குழறும். கடைசியில் கோயில் படியில் விழுந்து, தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். குடித்துவிட்டு விழுந்தார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. இது எங்களுக்குத் தெரியவந்தது இந்த வருஷம் மார்ச்சில்.

ஜூன் 21, சனி

மகள் ஜோவிட்டா செமஸ்டர் லீவுக்குக் கோவையிலிருந்து வந்திருக்கிறாள். மாடியிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்குகிறாள். ஒரு கையும் எதையும் பிடிக்கவில்லை. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. பாத்து இறங்கு."

மறுபடி ஒரு தடவை மேலே போய் இறங்கி வரச் சொல்லலாமா என்று இருந்தது. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து வா என்றேன். எடுத்து வந்தாள். நன்றாகத்தான் இறங்கினாள். பத்தொன்பது வயதில் எல்லோரும் நன்றாகத்தான் இறங்குவார்கள். நானும் இறங்கினேன்.

மார்ச்சில் நடந்ததை எழுதிவிடுகிறேன், அடைத்து வைத்து என்ன ஆகப்போகிறது. அண்ணன் லால்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் சும்மா நின்றவர் திரும்பும்போது விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஒரு வருஷமாகவே அடிக்கடி விழுகிறார் என்று அண்ணி சொல்ல, எலும்பு டாக்டர் அவரை நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறதாம். பிறப்பிலேயே வாங்கி வருவதாம், நாற்பதை ஒட்டித்தான் காட்டுமாம். மருந்து கிடையாது. அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

பிறகு, கூடப் போயிருந்த என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு நாள் வந்து காட்டிட்டுப் போங்கம்மா" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவுக்கு டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு நாற்பத்தொன்று. நான் போகவில்லை. பெலிக்ஸிடம் அண்ணனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொன்னேன். எனக்கு இருந்தால் அடுத்த பாதிக்குப் பாதி யாருக்கு என்று கணக்குப் போட எனக்குத் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

பெலிக்ஸ் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பாடம் எடுக்கிறவர். வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் ஆறு மாதம் ஆகும். இன்றைக்குத் தானாகவே மாடிப்படிக்குப் பைப்பில் கைப்பிடி வெல்டிங் செய்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எதுக்கு இப்போ?"

"எனக்குத்தான். முட்டி வலிக்குது."

போன வாரம்தான் முட்டி வலிக்கிற இந்த மனுஷர் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தார். குளியலறையில் ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறார். அதுவும் முட்டிக்காம். வயதாகிறது, பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

இன்று என்னையும் எறியச் சொன்னாள் மாஸ்டர். எனக்கு வேண்டாம் என்றேனே என்றால், "நீங்க எறிஞ்சாத்தானே ஜீனத் விழ முடியும்? விழறதுக்கு ரெண்டு பேர் வேணும்கா" என்கிறாள்.

ஜீனத்தின் சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் பிடித்து, காலை வாரிவிட வேண்டும். வாரினேன். அவள் போகிற வேகத்தைப் பார்த்துப் பயந்து கையை விட்டுவிட்டேன். அவள் தொப்பென்று விழுந்து, மூச்சு அடைத்து, ஒரு நிமிஷம் பேச முடியாமல் கிடந்தாள். மாஸ்டர் அவளை உட்காரவைத்து முதுகை நீவிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"விழுந்ததுக்கு அப்புறமும் சட்டைக் கையை விடக் கூடாதுக்கா. எறியறவங்க பிடிச்சுக் கொஞ்சம் மேல இழுத்தாத்தான் அவங்களால பக்கவாட்டுல விழ முடியும். நீங்க என்ன பண்ணினீங்க? தள்ளிவிட்டுட்டு ஓடிட்டீங்க."

"பயந்துட்டேன்."

"பயந்தா இன்னும் இறுக்கிப் பிடிங்க."

ஜீனத் பரவாயில்லைக்கா என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அழுகை வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகாமல் காவிரிப் பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன். அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு தடவை எடுத்திருக்கிறேனா நான்?

ஜூலை 8, செவ்வாய்

லால்குடி போனேன். அண்ணி கதவைத் திறந்து, "வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் நாலு கேட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கையில் பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த மணிக்கட்டு வளைந்து கூடியிருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல், இருப்புக்கொள்ளாமல், அறையில் கிடந்த இரண்டு மெத்தையையும் இழுத்துத் தரையில் போட்டேன்.

"என்னடி பண்ற பிலோமினா?"

"உனக்கு விழச் சொல்லித் தரப்போறேன்."

"அது எனக்கு நல்லாவே வருது."

இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணனை மெத்தையில் உட்காரவைத்து, லுங்கி முடிச்சைப் பார்க்கச் சொல்லி, பின்னால் சாயவைத்தேன். பெல்ட் இல்லாத வீட்டில் லுங்கி முடிச்சு. முதலில் கையைப் பின்னால் ஊன்றப் பார்த்தார். சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன். நாலைந்து தடவைக்குப் பிறகு மெத்தையை ஓங்கி அடித்தார். தலை படவில்லை. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தவள், "அந்தக் கையை எப்படிப் பிடிக்கணும், எனக்குக் காட்டு" என்று வந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார். "நீ எப்போ டாக்டர்கிட்ட போகப்போற?"

"எனக்கென்ன? நான் ஓடற வண்டியில நடக்கிறவ."

"அதனாலதான் கேக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

பிளாட்பாரத்தில் ஆள் குறைந்த பிறகு, அண்ணனை டாக்டர் நடக்கச் சொன்னதுபோல ஓரத்து மஞ்சள் கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டுகிற மாதிரி நடந்து பார்த்தேன். செருப்பு சரியில்லை. புதுசு வாங்க வேண்டும்.

ஜூலை 19, சனி

புதுச் செருப்பு. அதுவும் சரியில்லை.

ஜூலை 26, சனி

நின்ற நிலையிலிருந்து பின்பக்கம், இரண்டு பக்கமும், ஜீனத் எறிந்தும் விழுந்தேன். இரண்டு கையும் அடித்தது. மெஷின் கதை தெரிந்த மாஸ்டர் கைதட்டி, "மெஷினைக் கீழ போட்டுட்டாங்கப்பா" என்றாள். சின்ன வயதில் பரிசு வாங்கினால் வருமே, அந்தச் சந்தோஷம் வந்தது.

திரும்ப வீட்டுக்கு வந்ததும் அது போய்விட்டது. சப்பாத்தி போட்டேன். தேவைக்கு மேல் போட்டுவிட்டேன். பீரோவை நகர்த்திப் பின்னால் பெருக்கினேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் என்ன செய்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 2, சனி

விழுந்துவிட்டேன்.

விருத்தாசலத்துக்கு முன்னால். ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் பார்த்து முடித்து, பின்னால் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையும் நடைபாதைத் தரையை 'பட்'டென்று அடித்துக் கிடக்கின்றன. தலை படவில்லை. எங்கும் வலியில்லை. மெஷின் மட்டும் இரண்டு சீட் தள்ளிக் கண்ணாடி விரிந்து கிடந்தது. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நன்றாக விழுந்ததில்லை. கொட்டகையில்கூட இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒருவர் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார். "அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல சார், ஒண்ணுமில்ல. வண்டி ஆடிருச்சு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வண்டி சிக்னல்ல நிக்குதும்மா. ரொம்ப நேரமா நிக்குது" என்றார், என்னைப் புண்படுத்திவிடக் கூடாதே என்கிற குரலில்.

வெளியே ஒரு வேப்பமரம் அப்படியே நின்றது.

சாயங்காலம் மெஷினை ஒப்படைத்தபோது ஆபீசர் கேட்டார். "எப்படி உடைஞ்சுது? வண்டி குலுங்கிச்சா?"

ஆமாம் என்றால் முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"இல்ல சார். நின்ன வண்டியில நான் விழுந்துட்டேன்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பெலிக்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, அண்ணன், பாதிக்குப் பாதி, எல்லாம். அவர் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணி மார்ச்லயே எனக்குப் போன் பண்ணிட்டாங்க" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "தெரிஞ்சுக்கிட்டு ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ ஜூடோன்னு சொன்ன. சரி, அவ ஒரு பக்கமாச் செய்யட்டும், நாம ஒரு பக்கமாச் செய்வோம்னு கைப்பிடி போட்டேன்."

முட்டி வலியாம், முட்டி வலி. இருபது வருஷத்தில் இந்த மனுஷர் சொன்ன ஒரே பொய், அதுவும் வெல்டிங் வைத்து. கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்றார். அது இரண்டாவது பொய்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நான் டூட்டிக் கோட்டோடேயே வர, டாக்டரிடம் போனோம். அண்ணனும் கூட வந்தார். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்றார் டாக்டர். கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டச் சொன்னார். பிறகு தரையில் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த பரீட்சைதான். மஞ்சள் கோட்டில் எத்தனை முறை தோற்றிருக்கிறேன்.

"பயப்படாதீங்க, சாஞ்சா சிஸ்டர் பிடிச்சுக்குவாங்க" என்றார்.

"பிடிக்க வேணாம் சார். எனக்கு விழத் தெரியும்."

டாக்டர் சிரித்தார். நான் நடந்தேன், சாய்ந்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தி எழுத ஆரம்பித்தார். ரத்தம் கொடுத்தாயிற்று, ஆனால் நடையே சொல்லிவிட்டது என்றார். ஆரம்பம்தான், மெதுவாகத்தான் போகும், வருஷக்கணக்கில் வேலை பார்க்கலாம், ஓடுகிற வண்டியில் மட்டும் வேண்டாம் என்றார். நான் ஜோவிட்டாவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குச் சொல்லுங்கள், பரிசோதனை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும் என்றார்.

வெளியே வந்து அண்ணன் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். ரோட்டைத் தாண்டும்போது யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைசி ஓட்டம். அடுத்த வாரத்திலிருந்து முன்பதிவுக் கவுன்ட்டர், நாற்காலி வேலை. இன்று சீட்டைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். குரங்கு பேட்ச். நடப்பதற்கு அது ஒன்றும் மோசமில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஜோவிட்டா சுதந்திர தின லீவுக்கு நேற்று வந்தாள். சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்று காலை முழுக்க நினைத்தேன். அவளுக்குப் பிடித்த மீன் வாங்கினேன். அவள் துணியையெல்லாம் இஸ்திரி போட்டேன். இஸ்திரி போட்டதை மறுபடியும் போட்டேன். பெலிக்ஸ் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவள் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாத்தா குடித்ததில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். அவள் போனைக் கீழே வைத்தாள். மாமாவுக்கு என்ன என்று சொன்னேன். எனக்கு என்ன என்று சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். என் பெண் கெட்டிக்காரி, நான் சொல்வதற்கு முன்பே அங்கே போய்விட்டாள்.

"எனக்குமா?" என்றாள்.

"தெரியாது. பாதிக்குப் பாதி. இப்போ பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. எப்போன்னு நீயே சொல்லு."

அவள் எழுந்து போகப் பார்த்தாள், முடியாமல் உட்கார்ந்தாள். அழுதாள். ஏன் சொன்னாய் என்றாள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றாள். நான் எழுந்து போகவில்லை, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்றுகூடப் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் அடங்கி, என் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவளை நகர்த்திப் படுக்கவைக்கும்போதுதான் பார்த்தேன். அவள் சுடிதாரின் வலது கை தோள்பட்டைத் தையலில் கிழிந்திருந்தது. அந்தச் சட்டைக் கையை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.